பச்சை மாமா

என் பஞ்சர் கடையில் டியூப் அடுக்கும் தட்டுக்கு மேலே மூன்று பொம்மைகள் நிற்கின்றன. டிவியில் வந்த ஒரு விண்வெளித் தொடரின் ஆட்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. கை மடங்கும், முழங்கால் மடங்கும். சிவப்புச் சட்டை போட்டவன் ஒருவன். வெள்ளி நிற உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி. மூன்றாவது ஆள் மனுஷன் மாதிரி இல்லை. தலை பச்சை. நெற்றியில் ஆமை ஓடு போல மேடு. வாய் கீழே வளைந்திருக்கும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

"யாருண்ணே இவுக, உங்க சொந்தக்காரவுகளா?"

"ஆமா" என்பேன். அதோடு விட்டுவிடுவார்கள்.

அப்பா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். நான் விவரம் தெரியாமல் இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் நானும் அக்காவும் லாட்ஜில்தான் கிடப்போம். முன் ஹாலில் டிவி இருந்தது. மொட்டை மாடியில் பெரிய டிஷ் வைத்திருந்தார்கள். காலையில் ஒரு வெளிநாட்டுத் தொடர் ஓடும். வானத்தில் கப்பல் போகும். மேனேஜர் ராத்திரியெல்லாம் முழித்தவர். நாற்காலியிலேயே தூங்குவார்.

"பாருங்க. ஆனா சத்தம் வந்துச்சு, ரெண்டு பேரும் வெளியதான்" என்பார்.

சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவோம். வைத்திருந்தாலும் எங்களுக்குப் புரிந்திருக்காது. இங்கிலீஷ். அதனால் அக்கா பேசியது. டிவியில் ஆள் வாயசைக்கும்போது அக்கா என் காதுக்குள் பேசும்.

பச்சைத் தலையன் எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே இருப்பான். முதல் வாரமே அக்கா கண்டுபிடித்துவிட்டது.

"ஏலே, இவன் தாய்மாமன்டா. காதுகுத்துல சரியா மரியாதை செய்யல. கோவிச்சுக்கிட்டு வானத்துக்குப் போயிட்டான்."

வெள்ளி உடுப்புக்காரி அவன் தங்கச்சி. சிவப்புச் சட்டை அவள் புருஷன். இரண்டு பேரும் கப்பலில் போய் அவனைப் பிடித்து ஊருக்குக் கூட்டி வருகிறார்கள். அவன் வழி நெடுக முறுக்குகிறான். அதனால்தான் கப்பல் ஊர் வந்து சேரவே இல்லை. ஒவ்வொரு வாரமும் அதுதான் கதை. வேறு கிரகத்து ஆட்கள் வந்தால் பந்திக்கு வந்தவர்கள். துப்பாக்கியில் வெளிச்சம் அடித்தால் போட்டோ எடுக்கிறார்கள். பச்சை மாமாவுக்கு அக்கா தனியாக ஒரு குரல் வைத்திருந்தது. வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

"எனக்கு எலை போட்டீகளா? போட்டீக. எங்க போட்டீக? கை கழுவுற எடத்துல போட்டீக."

நான் சட்டையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று ரூம் காலி செய்துவிட்டுப் போனது. கட்டிலுக்கு அடியில் இந்த மூன்று பொம்மைகளும் கிடந்தன. மேனேஜர் கொஞ்ச நாள் மேஜையில் வைத்திருந்தார். யாரும் கேட்டு வரவில்லை. அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா பையிலிருந்து எடுத்தபோது அக்கா எழுந்து நின்றுவிட்டது.

"மாமா நம்ம வீட்டுக்கே வந்துட்டாருடா."

பிறகு தொடர் நின்றது. கதை நிற்கவில்லை. நான் எட்டாவதோடு நின்று பஞ்சர் கடைக்கு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் பச்சை மாமா அன்றைக்கு என்ன சண்டை போட்டார் என்று அக்கா சொல்லும். பெரிய பெண் ஆன பிறகும் சொன்னது. அக்காவை நிலக்கோட்டையில் கட்டிக் கொடுத்தோம். மல்லிகைத் தோட்டம் உள்ள வீடு. கிளம்பும்போது பொம்மைகளை என்னிடம் கொடுத்தது.

"நீயே வச்சுக்க. மாமாவைப் பட்டினி போட்றாத."

அக்கா மகளுக்குக் காது குத்தும்போது நான்தான் தாய்மாமன். பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஆசாரி கம்பியை எடுக்கிறார், பிள்ளை வீறிடுகிறது. அக்கா என் பின்னால் குனிந்து, அந்த வெற்றிலைக் குரலில், "மரியாதை பத்தலையே" என்றது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெரியவர்கள் முறைத்தார்கள். அக்கா ஒன்றும் தெரியாத மாதிரி பிள்ளைக்குக் கண்ணைத் துடைத்தது.

போன வருஷம் ஆடியில் அக்கா இறந்துவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு ரூம். அங்கேதான் இருக்கிறேன். அக்கா போன பிறகு எனக்கு ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. அந்தக் கதை தெரிந்த ஆள் இப்போது நான் மட்டும்தான். அக்கா மகளுக்காவது அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

வருஷத் திதி முடிந்து அவளும் அவள் வீட்டுக்காரரும் திரும்பும் வழியில் கடைக்கு வந்தார்கள். பிரியாணி வாங்கி வைத்திருந்தேன். மாப்பிள்ளை டியூப் தட்டுக்கு மேலே பார்த்தார். சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"மாமா, இது எப்படி உங்ககிட்ட? இப்ப இதெல்லாம் கெடைக்கிறதே இல்ல. நான் இந்த மாதிரிப் பொம்மைதான் சேக்குறேன்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சிவப்புச் சட்டைதான் துரோகியாம். வெள்ளி உடுப்புக்காரி கப்பல் ஓட்டுகிறவளாம். பச்சைத் தலையன் மெக்கானிக்.

"அவன் ஏன் எப்பவும் கோவமா இருக்கான்?" என்று கேட்டேன்.

"கோவம் இல்ல மாமா. அந்தக் கிரகத்துல எல்லாருக்கும் மொகமே அப்படித்தான்."

போனில் போட்டுக் காட்டினார். இப்போது தமிழிலேயே பேசுகிறார்கள். பச்சைத் தலையன் இன்ஜினைப் பார்த்து மெதுவாக, நல்ல பையன் மாதிரிப் பேசினான். கொஞ்சம் பார்த்தேன். பிறகு, "போதும் மாப்ள, பிரியாணி ஆறுது" என்றேன்.

அவள் பச்சைத் தலையனைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

"ஒங்க அம்மா இதுக்கு ஒரு கதை சொல்லும். இவன் தாய்மாமன், பச்சை மாமா. காதுகுத்துல மரியாதை செய்யலன்னு கோவிச்சுக்கிட்டு வானத்துக்குப் போயிட்டான். கூட்டியாறாங்க. வர மாட்டேங்குறான்."

அதோடு தீர்ந்துவிட்டது. அத்தனை வருஷக் கதை, அவ்வளவுதான் வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"எங்க அம்மாவா? எங்ககிட்ட கணக்கா நாலு வார்த்தை பேசும். இப்படியெல்லாம் பேசுமா?"

"பேசும்."

அந்தக் குரலில் பேசிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என் குரல்தான் வந்தது. தண்ணீர் குடித்தேன்.

"எடுத்துட்டுப் போங்க மாப்ள" என்றேன்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் பச்சைத் தலையனைத் திரும்ப மேலே வைத்தாள்.

"வேணாம் மாமா. உங்களுக்குப் பொழுது போகணும்ல."

போய்விட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மத்தியானம் ஒரு பைக் டியூப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து போன்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். கோவம்னா பக்கத்து ஊருக்குப் போயிருக்க வேண்டியதுதானே. பச்சை மாமா ஏன் அம்புட்டுத் தூரம் போனாரு? அம்மா என்ன சொல்லுச்சு?"

யோசித்தேன்.

"அது சொல்லலையே."

"நீங்க கேக்கலையா?"

"கேக்கல."

"சரி மாமா. சும்மா தோணுச்சு. சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

வைத்துவிட்டாள்.

டியூப்பைத் தண்ணீரில் அமுக்கித் திருப்பினேன். அப்போதுதான் பதில் வந்தது. பக்கத்து ஊர் என்றால், சாயங்காலம் தானாக வந்துவிடுவான் என்று விட்டுவிடுவார்கள். அம்புட்டுத் தூரம் போனால்தான் யாராவது கிளம்பி வருவார்கள். அக்கா இருந்தால் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

கூப்பிட்டுச் சொல்லலாம் என்று கையைத் துடைத்தேன். அவளுக்கு வேலை நேரம். பைக் கொண்டுவந்தவரும் நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சாயங்காலம் கூப்பிடவில்லை.