இங்கிலீசு நாயும் சல்லி எலிகளும்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று தன் நாயிடம் "கோ! கேட்ச்!" என்று கத்தினார். ஒரு எலி அவர் காலடியால் ஓடிப்போனது. நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுபதுகளில் நானும் இதையே செய்தவன்.

திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் நாய்க்குப் பேரன் என்று சொல்லித்தான் டைகரை எனக்குத் தந்தார்கள். பரம்பரைக்கு மரியாதை கொடுத்து அவனோடு இங்கிலீசில் மட்டுமே கதைத்தேன். எனக்குத் தெரிந்ததே கொஞ்சம். அவன் படித்தது "சிட்" ஒன்றுதான். எந்த இங்கிலீசுச் சொல்லைக் கேட்டாலும் உட்கார்ந்துவிடுவான்.

பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியில் சிவலிங்கம் அண்ணை வலை வைக்கும் வாடியில் எலித் தொல்லை. கடித்துக் கிழித்த வலையோடு கடலுக்குப் போக ஏலாது என்று தலையில் கைவைத்திருந்தார்.

"என்ரை நாய் துரைமார் வளர்த்த சாதி, அண்ணை" என்று பீற்றிக்கொண்டு டைகரைக் கூட்டிப்போனேன்.

அவர் வலைக் குவியலை உதறியதும் எலிகள் சிதறின.

"கேட்ச்!" என்றேன். டைகர் உட்கார்ந்தான்.

"ரன்!" என்றேன். உட்கார்ந்தபடியே வாலை ஆட்டினான்.

"தம்பி, கொஞ்ச நேரம் கதையாமல் நில்லுங்கோ பாப்பம்" என்றார் அண்ணை.

வாயை மூடினேன். டைகரின் காது நிமிர்ந்தது. ஒரே பாய்ச்சல். தேத்தண்ணி ஆறுவதற்குள் மூன்று எலி.

"நாய்க்கு எல்லாம் தெரியும். நீங்கள் வாயை மூடினால்தான் அதுக்கு வேலை ஓடும்" என்றார்.

இதை வாசித்துவிட்டு என் மனைவி, "அதுக்கு மட்டுமோ?" என்று கேட்கிறாள்.

பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான் வாய் திறக்கப்போவதில்லை.