ஆறாமீனாம், கார்த்திகையாம், எம் 45 ஆம்!

மூத்த பேரன் டொக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டான்!

கடைசிப் பேத்திக்கு ஓ.எல். சோதினையில் ஒன்பது ஏ!!

நடுப் பேத்தி கம்பஸில் வானியல் படிக்கிறாள். நேற்று மேடையேறிப் பேசினவள்! (நாவூறு படும், துப்பிப்போட்டு வாசியுங்கோ.)

அவள் பேசின வீடியோவை எனக்குக் காட்டினவள், அதில் ஒரு நட்சத்திரக் கூட்டம். பார்த்த உடனே தெரிஞ்சது, எங்கட ஆறாமீன்! இலங்கைத்துறைக் கடலில் அப்பா நேரம் பார்க்கிறது அதை வைச்சுத்தான்.

"இது எம் நாற்பத்தஞ்சு அம்மம்மா. செவன் சிஸ்டர்ஸ் எண்டும் சொல்லுவினம்."

"கோயில் ஐயா கார்த்திகை எண்டெல்லோ சொல்றவர்?"

"ஓம், அதுவும் இதுதான்."

எனக்கு வந்ததே கோபம்! ஒண்டுக்கு எத்தனை பேரடி? இந்தக் கூத்தாலதானே எழுபதுகளில் என்ர கலியாணம் குழம்பினது!

என்ர சாதகக் குறிப்பு எழுதின சாத்திரியார் அப்பாவைக் கேட்டவராம், "பிள்ளை என்ன நட்சத்திரம்?"

"பிறக்கேக்க ஆறாமீன் உச்சியில நிண்டது ஐயா."

கடலுக்குப் போற மனுசனுக்கு நட்சத்திரம் எண்டால் மணிக்கூடு. சாத்திரத்துக்கோ, அண்டைக்குச் சந்திரன் எதோட நிண்டதோ அதுதான் பிறந்த நட்சத்திரம். சாத்திரியார் மேற்கொண்டு கேக்கவுமில்லை, 'கார்த்திகை' எண்டு எழுதிவிட்டார்!

மாப்பிள்ளை வீட்டார் வந்தவை. பலகாரம் முழுக்கச் சாப்பிட்டவை. பிறகு குறிப்பைப் பார்த்திட்டுப் பெடியன்ர தாய் எழும்பினா.

"கார்த்திகைப் பெட்டை எங்கட பிள்ளைக்கு ஆகாது. ஆயுளைக் குறைச்சுப் போடும்!"

ஊரெல்லாம் அதே கதை. நான் வெளியில தலைகாட்ட ஏலாது!

அம்மாதான் கத்தினா, "ஐயோ, இவள் தைப்பூசத்தண்டு விளக்கு வைச்ச கையோட பிறந்தவளெல்லோ! பூசமப்பா, பூசம்!"

அப்பா சொன்னார், "நட்சத்திரம் கேட்டார். நான் மேல பார்த்ததைச் சொன்னனான்."

செய்தி கேட்டு அவை திரும்பி வந்தினம். "பூசமெண்டால் நல்ல பொருத்தம். நாள் வைப்பம்" எண்டு சிரிப்பு வேற!

நான் குசினிக்குள்ள நிண்டே சொன்னனான், "ஏலாது! போன கிழமை ஆயுளைக் குறைக்கிறவள், இந்தக் கிழமை நல்ல பிள்ளையோ? நான் அதே ஆள்தானே!"

அம்மா தலையில கை வைச்சா. அப்பா மட்டும், "அவள் சொல்லிப்போட்டாள். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ" எண்டார்.

பிறகு ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு கந்தோரில் வேலை செய்த ஒருத்தர் குறிப்பே கேக்காமல் வந்தார். அவரைத்தான் கட்டினனான். எண்பது தாண்டியும் சைக்கிள் மிதிச்சுச் சந்தைக்குப் போறார்!

பேரப்பிள்ளையள், நானும் தாத்தாவும் நிக்கிற புதுப் படம் ஒண்டை இதுக்குக் கீழ போடுங்கோ. அந்த முதல் மாப்பிள்ளை வீட்டு ஆக்களும் பேஸ்புக்கில இருக்கினம்.

ஆயுள் எப்பிடி எண்டு பார்க்கட்டும்!