ஒரு முகவரிக்கு ஒரு டோக்கன்

"சும்மா குடுக்கிறதுதான் சார் உங்க வேலை. ஆனா கேக்குறவனுக்கெல்லாம் குடுத்துறாதீங்க." முதல் நாள் மேனேஜர் போனில் சொன்னது இது. இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று நான் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் வீட்டிலிருந்தே செய்யக் கிடைத்த வேலை.

பிளாக்செயினுக்கு புரோகிராம் எழுதுபவர்கள் அதை முதலில் டெஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கும் டோக்கன் வேண்டும். காசு பெறாத டோக்கன். ஒரு டீ கூட வாங்க முடியாது. அதை இலவசமாகத் தரும் இணையப் பக்கத்துக்கு ஃபாசெட் என்று பெயர். உச்சிப்புளியில் உட்கார்ந்து நான் நடத்தியது அதைத்தான்.

காசு பெறாததற்கும் கள்ளன் உண்டு. பாட் எனப்படும் தானியங்கி புரோகிராம்கள் மனிதரைப்போல் வரிசையில் நின்று, இருப்பைக் காலி செய்தன. ஐபி முகவரி, அதாவது ஓர் இணைய இணைப்பின் அடையாள எண், ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஒரு டோக்கன் என்று பூட்டுப் போட்டேன். பாட்களிடம் ஆயிரம் முகவரி இருந்தது. அவற்றுக்குக் குறையொன்றும் இல்லை. காலை ஆறு மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கும். ஃபாசெட் ஓடுகிறதா என்று பார்க்க, முதல் டோக்கனை நானே எடுப்பேன். கடமையுணர்ச்சி.

பாண்டீஸ்வரி என்ற பெண் ஐந்து நாள் தொடர்ந்து மெயில் அனுப்பினார். டோக்கனே வரவில்லை, இன்டர்வியூவில் டெமோ காட்ட வேண்டும் என்று. எந்த முகவரிக்கு எப்போது போனது என்று பதிவாகும் லாக்கில், அவருடைய ஐபி முகவரிக்கு அன்றன்று டோக்கன் போயிருந்தது. 'இன்றைய பங்கைப் பெற்றுவிட்டீர்கள்' என்று ஐந்து முறையும் ஒரே பதில் போட்டேன். ஆறாவது மெயிலில் போன் நம்பர் இருந்தது. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று மறுநாள் அழைத்தேன்.

"அஞ்சு நாளும் வாங்கிட்டு வரலைங்கிறீங்களேம்மா?"

"சத்தியமா வரல சார். இங்கன ஊருக்கே ஒரே கேபிள்காரரு நெட் லைன்தான், அதுல கோளாறோ என்னமோ."

"எந்த ஊரு?"

"ராம்நாடு பக்கம் சார். சொன்னா உங்களுக்குத் தெரியாது. உச்சிப்புளி."

அந்த நேரம் பார்த்துக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் என் வீட்டுக்கு மேலே போனது. அதே சத்தம் போனில் அவர் பக்கமும் கேட்டது.

எங்கள் கேபிள்காரர் ஊர் முழுவதையும் ஒரே ஐபி முகவரியில் கட்டி வைத்திருக்கிறார். ஊருக்கான ஒரு டோக்கனை ஆறு மணிக்கே எடுத்துவிட்ட கள்ளன் நான்தான்.

"இப்பவே அனுப்புறேம்மா. எத்தனை வேணும்?"

"இன்டர்வியூ நேத்தே முடிஞ்சிருச்சு சார். சும்மா கெடைக்கிற டோக்கனையே வாங்கத் தெரியலையான்னு சிரிச்சுட்டாங்க." பிறகு கேட்டார். "அங்கனயும் ஹெலிகாப்டர் போகுதா சார்? நீங்க எந்த ஊரு?"

"சென்னை" என்றேன்.

பூட்டை மாற்றலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "புகாரே இல்லையே சார், நல்லாத்தானே ஓடுது?" என்றார். உண்மைதான். பாட்கள் புகார் செய்வதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: லாக்கில் முகவரிதான் தெரியும், ஆள் தெரியாது, ஒரே ஒருவர் கேட்டாலும் பதில் போடுமுன் போன் போடுங்கள். நான் இப்போது கடைத்தெருவில் அதிகம் பேசுவதில்லை. குரலை வைத்துப் பாண்டீஸ்வரி அடையாளம் கண்டுவிடுவார்.