ஊறிய அரிசியோடு கடைக்குப் போன நாகஜோதி

நாகஜோதி அக்கா எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். கணவர் இறந்த பிறகு மகளோடு திருப்பூர் வந்து, மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நியாயமான ஒன்றை விட்டுக்கொடுத்தும் பார்த்ததில்லை.

தீபாவளி போனஸில் கிரைண்டர் வாங்கினார். சும்மா போட்டால் ஓடியது. அரிசி போட்டதும் உறுமிவிட்டு நின்றது. கடைக்குக் கொண்டு போனால் முதலாளி அருண்குமார் சுவிட்சைத் தட்டிக் காட்டினார். கல் சுற்றியது.

“ஓடுதுல்லீங்க அக்கா? உங்க ஊட்டுல கரண்டு கம்மியா வருமுங்க.”

மறுமுறை போனபோதும் இதே பேச்சுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். கிரைண்டரை நான் சுமந்தேன். அவர் கையில் தூக்குவாளி, அது நிறைய ஊறிய அரிசி.

கடையில் நல்ல கூட்டம். “அண்ணாச்சி, இன்னைக்கு இங்கனயே ஆட்டிட்டுப் போயிருதேன். உங்க கரண்டு நல்ல கரண்டுதான?” என்றார் அக்கா.

அருண்குமார் சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். அரிசி விழுந்தது. கிரைண்டர் உறுமி நின்றது. யாரோ பின்னாலிருந்து கேலியாகச் சிரிக்க, அருண்குமாருக்கு முகம் சுண்டிப்போனது.

அக்கா சிரிக்கவில்லை. “உங்களக் குத்தம் சொல்லல அண்ணாச்சி. இது செஞ்ச எடத்துக் கோளாறு. மாத்திக் குடுத்துருங்க.”

“நானும் அரிசி போட்டுப் பாத்திருக்கோணுமுங்க. தப்புத்தான்” என்று அவர் புதியது எடுத்துவரச் சொன்னார். அதிலும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் அக்கா தலையசைத்தார்.

நான் கிளம்பினேன். அக்கா கிளம்பவில்லை. சுவரோரம் ஒரு ஒடிசாப் பெண் மடியில் கரண்டு அடுப்போடு உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் போய், கம்பெனியில் கற்ற அரைகுறை இந்தியில் விசாரித்தார். புது அடுப்பு, சூடாகவே இல்லை. பாஷை தெரியாதவளை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அனுப்பியிருக்கிறார்கள்.

“அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்கும் பாத்துருங்க.”

“ஏனுங்க, உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுங்களா?”

“இப்பத்தான் பாக்கேன்.”

அருண்குமார் தானே எழுந்து, அடுப்பில் தண்ணீர் வைத்துப் பார்த்தார். தண்ணீர் அப்படியே இருந்தது. வேறு அடுப்பு வந்தது. அதில் தண்ணீர் கொதித்ததும் அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் என்னவோ சொன்னாள். எங்களுக்குப் புரியவில்லை.

வெளியே ஆட்டோ பிடித்தோம். அவள் தங்கியிருப்பது நெருப்பெரிச்சல் என்ற பகுதியில். எங்களுக்கு அது சுற்று வழி. அக்கா அவளை முதலில் ஏறச் சொல்லிவிட்டு, “நெருப்பெரிச்சல் போயிட்டு அப்புறம் மண்ணரைக்குப் போங்கண்ணே” என்றார்.