சிஸ்டர் பேசிய வாரம்

தர்மபுரியில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால் எங்களை யாரும் சரியாக அடையாளம் கண்டதில்லை. சுடிதார், தோளில் ஒரு பை, மார்பில் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் பெயர். குழுக் கடன் வசூலிக்க வந்தவர்கள் என்று நினைத்துச் சில பெண்கள் வேறு சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். சிலர் போலியோ சொட்டு மருந்து என்று எண்ணி, பையனுக்கு அஞ்சு வயசு தாண்டிடுச்சுங்க என்று கேட்காமலே சொல்லிவிடுவார்கள். மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரர்கள் என்று சொன்னால் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கும். விளக்குவது எப்போதும் நான்தான்.

நான் சென்னையில் ஒரு கண் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை பார்த்தவள். நாள் முழுவதும் பேசுவதற்குத்தான் சம்பளம். அதை விட்டுவிட்டு, சம்பளமில்லாத ஒன்றரை வருட ஊழியத்துக்கு வந்திருந்தேன். என்னோடு சேர்த்துவிடப்பட்டவள் கோதாவரிக் கரையிலிருந்து வந்த தெலுங்குப் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள், ஒரு தலை அதிக உயரம். அவளுடைய அப்பா குளங்களுக்கு மீன் குஞ்சு விற்பவர். ஊழியத்தில் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. நான் அவளுக்கு சிஸ்டர், அவள் எனக்கு சிஸ்டர்.

இருவரும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்குவதற்குக்கூட ஒருத்தி தனியாகப் போகக்கூடாது. அவளுக்குச் செருப்பு தைக்க வேண்டுமென்றால் நானும் அந்த வெயிலில் நிற்பேன். எனக்குத் தலைவலி என்றால் அவளும் வீட்டில் கிடப்பாள். கூடப் பிறந்தவர்களோடும் இப்படி இருந்ததில்லை. முதல் சில வாரங்கள் எங்களுக்கு ஒருவர் சத்தம் ஒருவருக்குத் தாங்கவில்லை. அவள் விடிவதற்கு முன்பே குளியலறையில் பாடுவாள். நான் சாப்பிடும்போதும் பேசுவேன். அவள் பருப்பில் மிளகாயை எண்ணாமல் போடுவாள். நான் ரசம் இல்லாமல் சோறு இறங்காது என்பேன்.

வெளியே போனால் மட்டும் அவள் வாயே திறக்கமாட்டாள். தமிழ் புரியும். பேசினால் சிரிப்பார்களோ என்ற பயம். காலையில் படிப்பு நேரத்தில் நான் தமிழ் எழுத்து சொல்லித் தருவேன். பஸ் நிலையத்தில் பலகைகளை விரலால் காற்றில் எழுதிக்கொண்டே படிப்பாள். 'பா... லக்... கோ... டு' என்று அவள் முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போயிருக்கும். யார் வீட்டிலாவது அவளைப் பார்த்து ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். நான் பதில் சொல்லிவிடுவேன். அது எங்களுக்குப் பழகியும் போயிருந்தது.

தை மாதத்துப் பனியில், ஒரு வாரம் விடாத இருமலுக்குப் பிறகு, என் குரல் அடங்கிப்போனது. காலையில் எழுந்து ஜெபம் சொல்ல வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. சிஸ்டர் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மருத்துவரிடம் காட்டினாள். தொண்டை புண்ணாகியிருக்கிறது, ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்களைக் கவனித்துக்கொள்ளும் மிஷன் தலைவரின் மனைவி போனில், காய்ச்சல் இல்லையென்றால் வழக்கம்போல் வெளியே போகலாம், மற்ற சிஸ்டர் பேசட்டும் என்றார். போனை வைத்ததும் சிஸ்டர் தன் தமிழ் நோட்டைத் தேட ஆரம்பித்தாள்.

அவளுடைய முதல் பேச்சு மருந்துக் கடையில் நடந்தது. சீட்டை நீட்டியிருந்தாலே போதும். ஆனால் கடைக்காரர் யாருக்கு என்று கேட்டுவிட்டார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"இவங்களுக்குங்க. குரல் செத்துப்போச்சு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "அடடா, எப்பங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொங்கியது. சிரிக்கவும் முடியவில்லை. வெளியே வந்ததும் அவள், தப்பா சொல்லிட்டேனா என்று கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

நாங்கள் குடியிருந்தது மெத்தைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பாயின் வீட்டு மாடியில். அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிடுவோம். குடிவந்த அன்றே டீ போட்டு அனுப்பினார். எங்கள் சபை வழக்கப்படி டீயும் காபியும் குடிப்பதில்லை என்று சொன்னதும், சாராயம் கூடாது என்பது தெரியும், டீ என்ன பாவம் செய்தது என்று கேட்டு வெகுநேரம் ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் எங்களைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்.

என் தொண்டை விஷயம் கேள்விப்பட்டு அன்று சாயங்காலம் ஒரு பெரிய டம்ளரோடு மேலே ஏறி வந்தார். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் வாசனை வந்தபோதே என் தொண்டை கொஞ்சம் இளகியது.

"சுக்கு காபிம்மா. சூட்டோட குடிச்சிடு," என்றார்.

'காபி' என்ற சொல் மட்டும் சிஸ்டரின் காதில் விழுந்துவிட்டது. குரல் இல்லாத என் சார்பாகப் பேசும் பொறுப்பு இப்போது அவளுடையது. எழுந்து கதவருகே போய், வேண்டாம்க்கா, நாங்க காபி குடிக்க மாட்டோம், மன்னிச்சுக்கோங்க என்று முழு வாக்கியமாக, ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். அக்கா, இதுல காபித்தூளே கெடையாதும்மா, பேருதான் அது என்றார். சிஸ்டருக்கு அது புரியவில்லை. நான் கையை ஆட்டினேன். நானும் மறுப்பதாக இருவரும் எடுத்துக்கொண்டார்கள். டம்ளர் படியிறங்கிப் போனது. நான் போனை எடுத்து, அது வெறும் இஞ்சித் தண்ணீர் என்று ஆங்கிலத்தில் அடித்துக் காட்டியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓட, சட்டத்தை மதித்து நானும் பின்னால் ஓடினேன். அக்கா இன்னும் சமையலறைக்கே போகவில்லை. டம்ளரை வாங்கி, படிக்கட்டிலேயே உட்கார்ந்து குடித்தேன். அன்றிலிருந்து தினமும் சுக்குத் தண்ணி என்ற பெயரில் அது மேலே வந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை மொரப்பூருக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். பெங்களூரில் தையல் கம்பெனியில் வேலை செய்தபோது ஞானஸ்நானம் எடுத்தவர். பிறகு கல்யாணமாகி இங்கே வந்தார். கணவருக்கு இரண்டு ஏக்கர் நிலமும் சில புளிய மரங்களும். அக்கா எங்களைக் கூப்பிடுவார், நாங்கள் போவோம். அழைப்பில்லாத வீட்டின் கதவை நாங்கள் தட்டுவதில்லை. கணவர் எங்களை வேண்டாமென்று சொன்னதில்லை. வாங்க என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவார், நாங்கள் கிளம்பும்வரை திரும்ப மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தர்மபுரிக்கு ஆராதனைக்கு வர அக்காவுக்கு ஆசை. கணவரிடம் கேட்கத் தயக்கம்.

டவுன் பஸ்ஸில் சிஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்லப்போவதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பெண்களுக்கான இலவச டிக்கெட்டை நடத்துனர் நீட்டியபோது அவரிடமும் அதில் ஒரு வரியைச் சொல்லிவிட்டாள். அவர் என்னங்க என்று குனிந்தார். ஒண்ணுமில்லீங்க என்றாள். அதுவும் நல்ல தமிழாகவே வந்தது.

நாங்கள் போனபோது முற்றத்தில் புளி குவிந்து கிடந்தது. அக்காவும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஓடு தட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை பாதியில் இருந்ததால் அன்று அவரால் எழுந்து போக முடியவில்லை. நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கைகூப்பினேன். சிஸ்டர் குவியலைப் பார்த்ததும் பயமெல்லாம் மறந்து, எவ்வளவு புளி என்று தன் பாஷையில் தனக்குத்தானே சொல்வதுபோல், "அம்மா, எந்த சிந்தபண்டு!" என்றாள்.

கணவரின் கையிலிருந்த சிறு சுத்தியல் நின்றது.

"மீரு தெலுகா?" என்றார்.

அதன் பிறகு நடந்ததில் பாதிதான் எனக்குப் புரிந்தது. அவருடையது தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் தெலுங்குக் குடும்பம். அக்கா தமிழ் பேசும் வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டவர். எங்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சிஸ்டர் பேசும் தெலுங்கு கணவருக்கு டிவி செய்தி வாசிப்பதுபோல் இருந்ததாம். அவருடைய தெலுங்கில் 'ஆனா', 'சும்மா', 'ரொம்ப' எல்லாம் வந்து விழ, அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா என்னைப் பார்த்து, இவருக்கு இத்தனை பேச்சு இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க சிஸ்டர் என்றார்.

நாங்களும் உட்கார்ந்து புளி தட்டினோம். ஓடு நீக்குவது எளிது, நார் உரிப்பதும் கொட்டை எடுப்பதும்தான் எனக்கு வரவில்லை. சிஸ்டருக்கு அது அவள் வீட்டு வேலை. கையும் ஓடியது, வாயும் ஓடியது. கோதாவரியில் வெள்ளம் வந்தால் அப்பாவின் மீன் குஞ்செல்லாம் அடுத்தவர் குளத்துக்குப் போய்விடும் என்பதை அவள் சொன்னாள். அவர் இரண்டு வருடம் மழையில்லாமல் பட்ட பாட்டைச் சொன்னார். நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் ஒரு வீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு என் காது மட்டும் வேலை செய்தது. அவளுடைய தெலுங்குக் குரல் எனக்குத் தெரிந்த குரலைவிடக் கனமானது, கிண்டல் உள்ளது. இத்தனை நாள் என்னோடு இருந்தவள் இவளில் பாதிதான் போலிருக்கிறது.

கிளம்பும் முன் வழக்கமாக ஒரு ஜெபம் சொல்வோம். அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். கணவர் எழுந்தார். போகத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். அவர் எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று தமிழில் கேட்டார்.

"தெலுங்குல பண்ணுவீங்களா?"

சிஸ்டர் சரியென்றாள்.

"எங்க வூட்ல தெலுங்கு மாட்டுக்கும் சண்டைக்கும்தாங்க. சாமிகிட்ட பேசி நான் கேட்டதில்ல. அதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். வீட்டுக்கும் மரங்களுக்கும் மாடுகளுக்கும் நன்றி சொன்னது எனக்குப் புரிந்தது. என் தொண்டைக்காகவும் ஒரு வரி இருந்தது. அவர் கைகட்டி, தலை குனிந்து நின்றார். முடிந்ததும் ஆமென் சொல்லவில்லை, நல்லா இருக்குதுங்க என்றார்.

பிறகு எங்களை மொரப்பூர் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட அக்காவையும் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தார். வழியில் அவரே ஆரம்பித்தார். நான் வருஷா வருஷம் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போறவன், அது மாறாதுங்க என்றார். மாற வேண்டாம் என்று சிஸ்டர் தெலுங்கில் சொன்னாள். அக்கா அந்த நேரத்தைப் பார்த்துத் தன் ஆசையைச் சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போய் வரட்டுமா என்று. அதற்கு அவர், பஸ் கூட்டத்துல தனியா எதுக்குப் போற, வண்டியில கொண்டாந்து வுடறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். நாங்கள் கூடுவது தர்மபுரியில் ஒரு கடைக்கு மேலிருந்த வாடகை அறையில். பத்துப் பதினைந்து பேர்தான். மொபெட்டில் அக்காவை இறக்கிவிட்டு, எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது வந்தார்கள். அவர் ஒருநாளும் மேலே ஏறியதில்லை. ஒரு தடவை மட்டும், மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுவது கீழேவரை கேட்கிறது என்று ஏணி கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஆராதனை முடிந்ததும் அதைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுப் போனார்.

எனக்குக் குரல் மெல்லத் திரும்பி வந்தது, முதலில் தவளை மாதிரி. குரல் அப்படி இருந்த ஒரு ஞாயிறன்று ஜெபம் யார் சொல்வது என்றபோது சிஸ்டரே கை தூக்கினாள், தமிழில் சொன்னாள். இரண்டு இடத்தில் தவறு. யாரும் சிரிக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் மட்டும் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், உசுரு வந்துடுச்சா என்று குரலை விசாரிப்பார்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் அறிவிப்பார்கள். இந்த முறை அவளை நிச்சயம் தெலுங்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இருவருமே நினைத்தோம். அறிவிப்பு வர வேண்டிய அன்று காலை அவள் பெட்டியை எடுத்து, மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தாள். நான் அவளுக்குப் பிடிக்கும் என்று சந்தையில் வாங்கிய புளிச்ச கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இருவரும் அங்கேயே தொடரலாம் என்று சொன்னார்கள்.

அவள் போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"சிஸ்டர், இந்தக் கீரைக்கு மிளகாய் நான் போடறேன்," என்றாள்.

போடு என்றேன். துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டே வயிறு நிறையச் சாப்பிட்டோம்.