கடைசல் கேட்டவளுக்குக் கறவை மாடு

மரக் கடைசல் தொழிலில் மெசினைவிட அதிகம் சுற்றுவது தொழிலாளியின் தலைதான். தச்சரோ, கொல்லரோ, தையல்காரரோ, மற்றவர்களுக்குத் தன் தொழிலை விளங்கப்படுத்தியே தொண்டை வற்றியவர்கள் யாராக இருந்தாலும் இதை வாசித்துவிட்டு எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள், போதும்.

கடைசல் என்றால் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த கரைச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது. மரத்துண்டை இரண்டு முனைகளுக்கு நடுவில் இறுக்கிச் சுழலவிட்டு, உளியை அணைத்துப் பிடித்து உருண்டையாக எடுப்பதுதான் கடைசல். கட்டில் கால், கதிரைக் கால், தொட்டில் கம்பு, பம்பரம், மத்து எல்லாம் அப்படி வருபவை. எங்கள் வீடு கல்லடிப் பக்கம், கடலுக்குக் கிட்ட. பெண்ணுக்கு வீட்டையும் வளவையும் சீதனமாகக் கொடுப்பது மட்டக்களப்பு வழக்கம். கடைசல்காரரான என் அப்பா வீட்டோடு மெசினையும் சேர்த்து எனக்குத் தந்தார். என் புருசன் கனகு வாவியில் வலை வீசுகிறவர். மரத்தூள் அவருக்கு ஒத்துவராது, மெசின் பக்கம் வந்தாலே தும்முவார். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலுக்குள் இரண்டு இரும்பு

கடல் ஊருக்குள் வந்துபோன நாலாம் நாள் வீட்டைப் பார்க்கப் போனோம். அத்திவாரம் இருந்தது. மெசினின் நீட்டு இரும்பு இரண்டும் மணலுக்குள் புதைந்து கிடந்தன. மரத்தைப் பிடிக்கும் முனை வளைந்திருந்தது, மோட்டர் போன இடம் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நாலு பேரும் உயிரோடு இருந்தோம். பக்கத்து வளவில் ஒருவருமே மிச்சமில்லை. அப்படியொரு இடத்தில் ஒரு மெசினுக்காக அழ வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுதேன். கனகுவின் தோணியும் வலையும் போய்விட்டன. மெசினும் இல்லையென்றால் என் இரண்டு பெண்பிள்ளைகளும் முகாமில் தரும் சோற்றுப் பார்சலை எதிர்பார்த்தே வளரவேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்பு எடுக்கிற ஒருவர் சாக்கோடு வந்து நின்றார். நாலே நாளில்! இதை விற்கமாட்டேன், திருப்பிப் பூட்டப்போகிறேன் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க அழுங்க தங்கச்சி, அது சரி. வீட்டுக்காரர் எங்க? நான் அவரோட கதைக்கிறன்."

படிவம்

முகாமுக்கு நிவாரணக்காரர்கள் வந்தார்கள். இழந்த தொழிலுக்கு உபகரணம் தருவார்களாம். பதிய வந்தவர் கொழும்புப் பக்கத்துத் தம்பி, நல்ல பிள்ளை. காலையிலிருந்து முந்நூறு பேரின் அழுகையைக் கேட்டு அவருக்குக் கண் சிவந்திருந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே கனகுவின் பெயரை எழுதினார். மெசின் என்னுடையது, என் சீதனம் என்றேன். ஒரு பெயருக்குத்தான் இடமிருக்கிறது என்றார். பொம்பிளையின் சீதனத்துக்கு அந்தத் தாளில் ஒரு விரற்கடை இடம் விட யாருக்கும் தோன்றவில்லை.

"என்ன தொழில் அக்கா?"

"கடைசல்."

"கடையா?"

"கடை இல்ல தம்பி, கடைசல். கடையிறது."

"என்னத்த கடையிறீங்க?"

கட்டில் கால் என்று தொடங்கியிருக்கவேண்டும். என் கெட்ட காலம், கையில் பிடித்துக் காட்டச் சுலபமானதாகச் சொல்வோமென்று மத்து என்று தொடங்கினேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. மடமடவென்று இங்கிலிசில் எழுதினார். போகும்போது அவர் சொன்னதைக் கேட்டு, கொழும்பிலும் ஒரு தாய் மெசினில் நிற்கிறாள் என்று நான் பூரித்துவேறு போனேன்.

"புரிஞ்சுது அக்கா. மத்து வச்சு கடையிறது. எங்க அம்மாவும் வீட்டுல கடைவாங்க."

கழுத்தில் மாலை

ஒரு மாதம் கழித்து லொறி வந்தது. மெசினை இறக்க நாலு பேரைத் தயாராக வைத்திருந்தேன். லொறிக்குள்ளிருந்து ஒரு பசு இறங்கியது. கழுத்தில் மாலை, காதில் இலக்கத் தகடு, பின்னால் ஒரு கன்று. கனகுவின் பெயரைக் கூப்பிட்டுக் கயிற்றை அவர் கையில் கொடுத்தார்கள். வாவி மீனைத் தவிர வேறு உயிரைத் தொட்டறியாத மனுசன். பசு அவருடைய முழங்காலுக்குக் கீழே ஒரு உதை விட்டது. அன்றிலிருந்து மாட்டுக்கும் அவருக்கும் இடையில் எப்போதும் பத்தடி தூரம் இருந்தது.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. இதை யார் கேட்டது என்று கத்தினேன். சாரதி தாளைப் பார்த்து வாசித்தார்: மாடு ஒன்று, கன்று ஒன்று, மத்து ஒன்று. ஓம், மத்தும் தந்தார்கள்! எடுத்துப் பார்த்தேன். மையம் பார்க்காமல் மெசினில் பூட்டிக் கடைந்தது. தண்டு நடுவில் கோணல், தலை ஒரு பக்கம் தடிப்பு. கடைசல்காரியின் கையில் கொடுக்கிற மத்தா இது? மாடு தந்ததைக்கூட மன்னிக்கலாம், அந்த மத்தை மன்னிக்க இன்றுவரை மனம் வரவில்லை. கொண்டுபோங்கள் என்றேன். சாரதி பாவம், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

"மாடு வேணாம் எண்டா எழுதித் தாங்க அக்கா, கொண்டு போறன். ஆனா மத்த மட்டும் வச்சிக்கொள்ள ஏலாது, எல்லாம் ஒரே செட்."

மாட்டுக்கு மெசின்

காத்தான்குடியில் தளபாடக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணரிடம், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், பழைய கடைசல் மெசின் ஒன்று சும்மா கிடந்தது. அதில் வேலை செய்தவர் சவூதிக்குப் போய்விட்டார். காக்காவின் வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஏழு பேர். மாட்டையும் கன்றையும் எடுத்துக்கொண்டு மெசினைத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கனகுவைப் பார்த்து, "நீங்களா கடையிற?" என்றார். கனகு தும்மினார்.

கடைந்து காட்டச் சொன்னார். காட்டினேன். மெசின் கிடந்த சீரைப் பார்க்கவே அழுகை வந்தது. உளிகளால் வெண்ணெய்கூட வெட்டமுடியாது. முதலில் அரை மணித்தியாலம் உளி தீட்டினேன். ஒரு வேப்பந்துண்டை எடுத்து இரண்டு தலைப்பிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் பிடித்தேன். பூட்டி, உளியைச் சாய்க்கும் இரும்பை மரத்துக்கு ஒரு விரல் இடைவெளியில் இறுக்கி, மரம் தட்டாமல் சுழல்கிறதா என்று கையால் ஒருதரம் சுற்றிப் பார்த்தேன். பெல்ட்டை ஆகக் குறைந்த வேகத்தில் மாட்டிவிட்டு, மரம் பறந்தால் முகத்தில் படாத பக்கம் ஒதுங்கி நின்று சுவிட்சைப் போடச் சொன்னேன். மூலைகள் போய் உருண்டையானதும் வேகத்தைக் கூட்டினேன். வேண்டுமென்றே ஒரு மத்துத்தான் கடைந்தேன். நூல் பிடித்த மாதிரி நேர். அவர் அதை உருட்டிப் பார்த்தார், மேசையில் வைத்து உருட்டினார், பிறகு கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"மாடு பால் தரும் எண்டு தெரியும் புள்ள. நீங்க கடைவீங்க எண்டு இப்பதான் தெரிஞ்ச."

சென்றியில்

மெசினை டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியில் ஆமி சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி. அந்த நாளில் வயரோடு ஒரு பொருளைக் கொண்டுபோனால் என்ன நடக்குமென்று எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எங்களிடம் மோட்டர், வயர், இரும்பு உருளை, முழங்கை நீளத்தில் ஐந்து உளி. எல்லாவற்றையும் றோட்டில் பரப்பினார்கள். ஒருவன் உளியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, "மே மொகத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். கனகுவை வேறு பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். திரும்பி வராத ஆட்களின் பெயர்கள் என் தலைக்குள் வரிசையாக வந்தன.

எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் கடைசலுக்குச் சொல் இல்லை. பெட்டியில் கிடந்த என் மத்தைத் தூக்கினேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, பானையில் கடைவது போல உருட்டிக் காட்டினேன். "கிரி! கிரி!" என்றேன், பால் என்று அவர்களுடைய பாசையில். அவனுக்குச் சிரிப்பு வந்தது. உளியைக் கீழே போட்டான். கனகுவையும் விட்டார்கள். எந்தப் பொய்க்காக ஊரைக் கூட்டிக் கத்தினேனோ, அதே பொய்யை நானே நடித்துக் காட்டித்தான் புருசனையும் மெசினையும் மீட்டேன். எனக்குக் கொஞ்சம் பயம், மிச்சமெல்லாம் ஆத்திரம். சரி என்பதற்கு அவர்கள் பாசையில் ஹரி. அவன் எங்களைக் கையசைத்து அனுப்பினான்.

"ஹரி, ஹரி, போங்க. நாளைக்கு எங்களுக்கும் தயிர்."

அண்ணன் கடைந்தது

கடலுக்குக் கிட்டக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால் உள்ளே ஒரு தற்காலிகக் காணியில் தறப்பாளைக் கட்டி மெசினை வைத்தேன். கடைசல் மெசின் ஆடினால் கடைவதெல்லாம் கோணல். தரையில் சீமெந்து போட்டு, தண்ணீர்ப் போத்தலைப் படுக்கவைத்து மட்டம் பார்த்து, மரக்கட்டை கொடுத்து நட்டு இறுக்கினேன். ஊரெல்லாம் வீடு கட்டினார்கள், வேலை குவிந்தது. வந்தவர்கள் எல்லோரும் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த கனகுவோடுதான் கதைத்தார்கள். அவரும் பின்னுவதை நிறுத்தாமல், "அவவிட்டக் கேளுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார்.

தொட்டிலுக்குப் பன்னிரண்டு கம்பு கடைய ஒரு வாத்தியார் வந்தார். கம்பின் அளவை முழுக்கக் கனகுவிடம் சொன்னார். நான் உச்சந்தலை வரை மரத்தூளோடு, கையில் உளியோடு, இரண்டடி தள்ளி நிற்கிறேன்! அவர் கண் முன்னாலேயே கம்பு முழுவதையும் கடைந்து முடித்தேன். பன்னிரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார், மயிரளவு வித்தியாசம் இல்லை. பூரித்துப்போய்க் கனகுவின் தோளில் தட்டினார்.

"அண்ணன் நல்லாப் பழக்கித்தான் வச்சிருக்கிறார்."

மாட்டைக் காட்டுங்க

நிவாரண மாட்டை விற்றவர்களின் பெயரை வீட்டுத் திட்டத்திலிருந்து வெட்டுகிறார்கள் என்று கதை வந்தது. கனகுவுக்கு நித்திரை போய்விட்டது. தறப்பாளுக்குள் கிடக்கும் எங்களுக்கு வரவேண்டிய கல்வீடு அந்தப் பெயரில்தான் நின்றது. அதே கொழும்புத் தம்பி பார்க்க வருகிறார் என்று அறிந்ததும், கனகு காத்தான்குடிக்கு ஓடி மாட்டை ஒரு நாளைக்கு இரவல் கேட்டார். காக்கா மறுக்கவில்லை. புண்ணாக்கு தின்று பளபளவென்றிருந்த பசு வாசலில் வந்து நின்றது, கனகு பத்தடி தள்ளி நின்றார்.

தம்பி தகட்டு இலக்கத்தைச் சரிபார்த்தார். பிறகு என்னை மத்தோடு மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கமராவைத் தூக்கினார். அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. வீடு போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. மெசினைப் போட்டேன். பூட்டிக் கிடந்த முதிரை மரக் கட்டில் காலில் உளியை வைத்தேன். சீவல் சுருள் சுருளாக அவருடைய காலில் கிடந்த சப்பாத்தில் விழுந்தது. "இதுதான் தம்பி கடைசல்! இது இப்ப காத்தான்குடியில நிக்கிற மாடு. இரவல் வாங்கிக்கொண்டு வந்தம். வெட்டுறதெண்டா பேர வெட்டுங்க!" என்றேன். கனகு தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

நான் மெசினை நிறுத்தியதும் தம்பி கிட்ட வந்தார். மரத்தில் கை வைத்துத் தடவினார். அவருடைய கண் மறுபடி சிவந்திருந்தது. பிறகு எங்கள் படிவம் இருந்த கோவையை மூடினார்.

"வீட்ட யாரும் வெட்டமாட்டாங்க அக்கா. ஆனா கோவையில நீங்க மாடு. இனி என்னால மாத்த ஏலாது."

மேடை

வீடு வந்தது, கனகுவின் பெயரில். சண்டையும் முடிந்தது. வெடிச்சத்தம் நின்ற ஊரில் ஒலிபெருக்கிச் சத்தம் தொடங்கியது. புளியந்தீவில் ஒரு மண்டபத்தில், நிவாரணத்தால் முன்னேறியவர்களுக்கு விழா. கூப்பிட்ட கடிதம் கனகுவுக்கு. நானும் போனேன். மேடையில் நீட்டு மேசை, நாலு காலும் நான் கடைந்தவை. தளபாடக் கடைக் காக்கா மூலம் போனவை, என் கைப்பட்ட கடைசலை எனக்குத் தெரியாதா? என் கால்களுக்கு மேலே வெள்ளைத் துணி விரித்து, பூச்சாடி வைத்து, பெரியவர்கள் இருந்தார்கள்.

கனகுவின் பெயரைச் சொன்னார்கள். அவர் எழும்பவில்லை, என்னைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். கைதட்டலுக்கு நடுவில் சான்றிதழை வாங்கிக்கொண்டு, யாரையும் பாராமல் நேரே வந்து என் மடியில் வைத்தார். தங்க நிற எழுத்து. சிறந்த கறவைப் பண்ணையாளர் என்று இருந்தது.

"என்னத் திட்டாத புள்ள. நான் அந்த மாட்டுக்கிட்டப் போனதே இல்ல எண்டு மேடையில சொன்னன். தன்னடக்கம் எண்டு இன்னொருக்காக் கை தட்டிட்டாங்க."

சான்றிதழைப் போட்ட மரச்சட்டத்துக்கு நாலு மூலைக் குமிழும் நானே கடைந்து மெசினுக்கு மேலே அதை மாட்டியிருக்கிறேன். கடலும் சண்டையும் பார்த்த என் கடைசல் தொழிலுக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி, என் புருசன் நன்றாகப் பால் கறக்கிறார் என்பதற்கானதுதான்.