பொரிப் பொட்டலத்தில் பாதி பதில்

போன செவ்வாய்க்கிழமை காலை. தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டுத் திரும்புகிறேன், செல்போன் 'டிங்' என்றது. என் பெண் ஏதோ ஒரு சேவையில் என் நம்பரைச் சேர்த்துவிட்டிருக்கிறாள் — தினம் ஒரு நல்ல செய்தி. விஞ்ஞானம், விநோதம், கண்டுபிடிப்பு... எல்லாம் இரண்டே வரியில்.

அன்றைய செய்தி: 'ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். உங்களுக்குத் தெரியுமா?'

தெரியுமாவா? எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்! 1996-லேயே கல்கத்தாவில், பவானிபூரில், கட்டிலில் படுத்திருந்த ஒரு மனிதருக்கு அரைகுறைப் பெங்காலியில் இதே செய்தியைச் சொன்னவள் நான். நின்றது நின்றபடி அந்த நாட்களை நினைத்துக்கொண்டிருந்ததில் தோசை கருகியது.

என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போன நாங்கள் பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள் — தாராபத கோஷாலும் அவர் மனைவியும். எங்களுக்கு அவர் மேசோமோஷாய், அந்த அம்மாள் மாஷிமா. நம் சித்தப்பா, சித்தி மாதிரி. அவர்களுக்கு நான் 'பௌமா' — மருமகள். பெங்காலி வீட்டில் வாடகைக்குப் போனால் உறவுமுறை இலவசம்.

மேசோமோஷாய் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இருந்த ஒரே வியாதி பேப்பர். காலையில் வீட்டுக்கு இரண்டு பேப்பர் வரும். அதை முடித்துவிட்டு, தெருமுனைப் பலகையில் ஒட்டியிருக்கும் மூன்றாவதை நின்றுகொண்டே படிப்பார். படித்தால் சும்மா இருப்பாரா? கோபம் வந்தால் ஆசிரியருக்குக் கடிதம். கோபம் வராத நாளில் ஞாயிற்றுக்கிழமை விஞ்ஞானப் பக்கத்துக்கு ஒரு கேள்வி. முப்பது வருஷமாகத் தபால் கார்டு போய்க்கொண்டிருந்தது. ஒன்றுகூட அச்சில் வந்ததில்லை.

"என் கையெழுத்து அவங்களுக்குப் புரியலை பௌமா, அவ்வளவுதான்" என்பார். அவர் கையெழுத்தோ முத்து முத்தாக இருக்கும்.

அந்த வருஷம் வெயில் ஆரம்பித்தபோது இரண்டாவது வியாதியும் வந்தது. மாரடைப்பு. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னாராம்: உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மாடிப்படி கூடாது. பேப்பர் கூடவே கூடாது! கோபம், துக்கம், அதிக சந்தோஷம்... எதையுமே இந்த இதயம் தாங்காது.

மாஷிமா அன்றைக்கே பேப்பரை நிறுத்தினார். ரேடியோ பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. டிவி பெட்டி மாடியேறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அதோடு விட்டாரா? கணவரின் கையைத் தன் தலைமேல் வைத்து, 'இனிமேல் பேப்பரைத் தொடமாட்டேன்' என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் என்னைத் தேடி மாடிக்கு வந்தார்.

"பௌமா, உன் தமிழ்ப் பத்திரிகையில சின்னச் சின்னதா ஏதோ வருமே... பெட்டி கட்டி?"

"துணுக்கா மாஷிமா?"

"அதான். நாலு மணி டீக்குக் கீழே வந்து தினம் ஒண்ணு அவருக்குச் சொல்லு. நல்லதா இருக்கணும். சின்னதா இருக்கணும். சிரிக்கலாம்... குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கக் கூடாது."

பாவம், மனுஷருக்குப் பொழுது போக வேண்டும் என்று கேட்கிறார்போல — இப்படித்தான் நினைத்தேன். அது எவ்வளவு தப்பு என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

லேக் மார்க்கெட்டில் நாங்கள் காபிப்பொடி வாங்கும் கடைக்குத் தமிழ் வாரப் பத்திரிகைகள் நாலைந்து நாள் தாமதமாக ரயிலில் வரும். தாமதமானால் என்ன? நல்ல செய்தி ஊசியா போய்விடும்? வாங்கிவந்து, துணுக்குகளுக்குப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொள்வேன். முதல் நாள் சொன்னது யானை. யானையால் குதிக்க முடியாது. மேசோமோஷாய் லேசாகச் சிரித்தார். அடுத்த நாள், தேன் கெட்டுப்போகாது. அதற்கு ஒரு தலையாட்டல்.

நான் சொல்லும்போது மாஷிமா டீ தம்ளரோடு வாசற்படியில் நிற்பார். செய்தி அவர் காதில் ஏறாது. கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் கழித்து என் காதில் வந்து சொன்னார்: "நேத்து நல்லாத் தாங்கினார். இன்னிக்குக் கொஞ்சம் பெரிசா சொல்லு."

பெரிசு என்றால்? ஆக்டோபஸை எடுத்துவிட்டேன்.

"மூணு இதயமா!" என்றார் மேசோமோஷாய். "எனக்கு இருக்கிறது ஒண்ணு. அதுக்கே இந்தப் பாடு. மூணு இருந்தா உன் மாஷிமா மூணுக்கும் தனித்தனியா பத்தியம் போடுவா!"

சிரித்தார். கொஞ்சம் குலுங்கித்தான் சிரித்தார். மாஷிமா ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டார்.

அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே தீனி, உப்பில்லாத பொரி. அங்கே அதற்கு மூரி என்று பெயர். திடீரென்று மேசோமோஷாய்க்கு அதன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. காலையில் பொரி, சாயங்காலம் பொரி. ஆயுத பூஜையன்று மட்டும் பொரி சாப்பிட்டு வளர்ந்த எனக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமோ? வரவில்லையே!

ஒருநாள் நான் துணுக்கை ஆரம்பிக்கும்போது பால் பொங்குகிறது என்று மாஷிமா சமையலறைக்கு ஓடினார். மேசோமோஷாய் சட்டென்று தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். பொரி வந்த பை. பழைய பேப்பரை வெட்டிப் பசை தடவி ஒட்டுவார்களே, டோங்கா என்பார்கள், அது. பிரித்து, நீவி, மடித்து வைத்திருந்தார்.

பேப்பர்! எல்லாக் கதவையும் அடைத்த மாஷிமா இந்த ஒரு ஓட்டையைக் கவனிக்கவில்லை.

"மேசோமோஷாய், சத்தியம் பண்ணினீங்களே!"

"பேப்பரைத் தொடமாட்டேன்னுதான் பண்ணினேன். இது பேப்பரா? டோங்கா" என்றார் கூசாமல். "படி இதை."

எனக்குப் பெங்காலி பேச வரும், படிக்க வராது. அவரே கிசுகிசுவென்று படித்தார். "கேள்வி: ஓயாமல் சுற்றும் மின்விசிறியின் இறக்கையில் தூசி எப்படிப் படிகிறது? கேட்டவர்: தாராபத கோஷால், பவானிபூர். பதில்: நல்ல கேள்வி. நாம் நினைப்பதுபோல இறக்கையின் மேல்..."

நிறுத்தினார்.

"அப்புறம்?"

"அப்புறம் கத்தரிக்கோல்" என்றார். பதில் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. மீதி வேறு ஏதோ பையாகி, யாரோ வீட்டுக்குப் பொரியோடு போய்விட்டது.

எனக்குப் பகீரென்றது. முப்பது வருஷம் காத்திருந்த விஷயம்... அதைப் பொரிப் பையிலா பார்ப்பது? "நெஞ்சு ஏதாவது...?"

"அஞ்சு நாளா தினம் இருபது தடவை படிக்கிறேன். ஒண்ணும் ஆகலை. 'நல்ல கேள்வி'ன்னு போட்டிருக்கான், பார்த்தியா? ஆனா பதில் தெரியாமப் போய்ச் சேர்ந்துட்டா என்ன பண்றது பௌமா? நாள் பூரா அந்த ஃபேனுக்குக் கீழேதான் படுத்திருக்கேன்."

அண்ணாந்து பார்த்தேன். ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. மாஷிமாவிடம் வாய் திறக்கக் கூடாது என்று என்னிடமும் ஒரு சத்தியம். வேறு வழி? செய்து கொடுத்தேன்.

அந்தப் பத்திரிகை ஆபீசுக்கே போய்க் கேட்டேன். "எந்தத் தேதி?" என்றார் அங்கே இருந்தவர். கிழிசலில் தேதி ஏது? இரண்டு மூன்று மாதத்துக்குள் வந்ததாகத்தான் இருக்கும் என்றேன்; தேதி சொன்னால்தான் பழைய பேப்பரை எடுக்க முடியும் என்று கையை விரித்துவிட்டார். முனைக்கடைப் பொரிக்காரரிடம் போய், வெறும் பையாகக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "பையை உங்களுக்குக் கொடுத்துட்டா பொரியை எதுல போடறது தீதி?" என்றார். நியாயம்தானே?

ஆக, பொரி வாங்க ஆரம்பித்தேன். காலையில் இரண்டு பொட்டலம், மாலையில் மூன்று. எங்கள் வீட்டில் பொரி உப்புமா, பொரி உருண்டை, மறுபடியும் பொரி உப்புமா. "ஆயுத பூஜை முடிஞ்சு ஏழெட்டு மாசம் ஆச்சே... இங்கே மட்டும் இன்னும் முடியலையா?" என்று கேட்டார் என் கணவர்.

காலியான பைகளைத் தமிழ்ப் பத்திரிகைக்குள் மறைத்துக் கீழே கொண்டுபோவேன். நல்ல செய்தி மட்டும் சொல்ல நியமிக்கப்பட்டவள், பேப்பர் கடத்திக்கொண்டிருந்தேன்! பதில் கிடைக்கவில்லை. ஆனால் மேசோமோஷாய்க்கு உலகம் முழுக்கப் பாதிப் பாதியாகக் கிடைத்தது. பாதி புயல், பாதி வேலைநிறுத்தம், பாதி மணமகன் தேவை. மீதியை அவரே கற்பனையில் முடித்துக்கொண்டார். அவருடைய ஃபுட்பால் டீம் தோற்றது மட்டும் முழுதாக வந்து சேர்ந்தது. அதையும் தாங்கினார். தாங்காதது நான்தான். இவருக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் மாஷிமா முகத்தில் எப்படி விழிப்பேன்?

கடைசியில் எங்களைக் காட்டிக்கொடுத்தது எறும்பு. பையில் ஒட்டியிருந்த பொரித்தூளைத் தேடி, ஜன்னலிலிருந்து தலையணை வரை வரிசையாக வந்துவிட்டது.

அன்று நாலு மணிக்கு நான் கீழே இறங்கினால், மெத்தை தூக்கியிருக்கிறது. கட்டில் முழுக்க டோங்கா. நாற்பது இருக்கும். மாஷிமா கையில் அந்தக் கிழிசல். மேசோமோஷாய் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இதை எப்போ பார்த்தீங்க?" என்றார் மாஷிமா.

"மூணு வாரம் இருக்கும்."

"பார்த்த அன்னிக்கு நெஞ்சு வலிச்சுதா?"

"இல்லை."

"வியர்த்துதா? படபடன்னு வந்துதா?"

"இல்லை... இல்லை."

மாஷிமா பூஜை அலமாரிக்குப் போனார். பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு பேப்பர் துண்டு. ஓரம் கோணாமல் வெட்டி, மடிப்பில்லாமல் வைத்திருந்தார். அதே கேள்வி. அதே பெயர். கீழே முழுப் பதில்!

"நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ரெண்டாவது வாரமே இது வந்துடுச்சு. எதிர்வீட்டு மருமக கொண்டுவந்து கொடுத்தா. முப்பது வருஷம் காத்திருந்தீங்க... திடீர்னு காட்டினா இந்த இதயம் தாங்குமா? அதிக சந்தோஷமும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே!" என்னைப் பார்த்தார். "அதுக்குத்தான் உன்னைக் கேட்டேன் பௌமா. யானை, தேன்னு சின்னதுலேர்ந்து ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, சந்தோஷத்துக்கு அவரைப் பழக்கி... அடுத்த மாசம் என் கையால இதைக் கொடுக்கலாம்னு இருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். நானும்தான்.

மேசோமோஷாய் மெதுவாகச் சொன்னார்: "நான் பாதிதானே படிச்சேன்? மீதி உன்கிட்டதான் இருக்கு. நீயே படி."

மூக்கைச் சிந்திக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மாஷிமா படித்தார். இறக்கை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய காற்று அதோடேயே ஒட்டிக்கொண்டு போகும். அதனால் அங்கே படிந்த நுண்ணிய தூசியைத் தள்ளிவிடக் காற்று கிடையாது.

"அடடா! அப்போ ஊருக்கெல்லாம் காத்து கொடுக்கிற ஃபேனுக்குக் காத்தே படறதில்லையா!" என்றார் மேசோமோஷாய். நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. பொரி கேட்டார்.

நான் மாஷிமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக, ஒருநாள் விடாமல், டீ தம்ளரோடு நின்று கணவர் முகத்தையே அளந்துகொண்டிருந்த மனுஷி. அந்த இரண்டு மாதத்தில் இவருக்கு யார் நல்ல செய்தி சொன்னார்கள்? எனக்கு அன்றுவரை தோன்றவே இல்லை.

அதன்பின் எங்களுக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று. கொஞ்ச நாள் கடிதம், அப்புறம் எப்போதாவது போன். மேசோமோஷாய் போன குளிர்காலத்தில் போய்விட்டார். நிமோனியா. இதயம் கடைசிவரை ஒழுங்காக வேலை செய்ததாம். அன்று துக்கம் விசாரித்தவள்தான்... அப்புறம் நான் பேசவே இல்லை. வேலை, அலைச்சல் என்று எத்தனை சாக்கு!

செவ்வாய்க்கிழமை, சரியாக நாலு மணிக்குக் கல்கத்தாவுக்குப் போன் போட்டேன். மாஷிமாதான் எடுத்தார்.

"மாஷிமா, ஒரு நல்ல செய்தி சொல்லட்டுமா? ஆக்டோபஸுக்கு மூணு..."

போனில் ஃபேன் கடகடவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"அது பெரிசு பௌமா. எனக்கு இப்போ பழக்கம் விட்டுப்போச்சு. சின்னதுலேர்ந்து ஆரம்பி."

யானையிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.